பின்னால் பிடித்திருப்பவர்

முந்தைய ஆண்டு ஆவணி மாதம் நான் வண்டியிலிருந்து விழுந்தேன். பெரிய விபத்து என்று சொல்ல முடியாது. நெய்வேலி நகரியத்திலிருந்து நான் வேலை பார்க்கும் கிராமத்துப் பள்ளி பதினோரு கிலோமீட்டர். பிரதான சாலையை விட்டு ஊருக்குள் திரும்பும் வளைவில் மணல் சிதறிக் கிடந்தது. முன்சக்கரம் வழுக்கியது, வலப்பக்கமாகச் சாய்ந்தேன், காரை எலும்பு முறிந்தது. தோளைக் கட்டிப்போட்டு ஆறு வாரம் வீட்டில் இருந்தேன். எலும்பு கூடிவிட்டது. இனி எல்லா வேலையும் செய்யலாம் என்றார் மருத்துவர். செய்தேன். மாவு கரைத்தேன், துணி பிழிந்தேன், கரும்பலகையின் மேல்வரி வரைக்கும் கையைத் தூக்கி எழுதினேன். வண்டியை மட்டும் எடுக்கவில்லை. சாவி கதவுக்குப் பக்கத்து ஆணியில் எட்டு மாதம் தொங்கியது.

அந்த எட்டு மாதமும் கணவர்தான் என்னைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் அழைத்து வந்தார். அவருக்கு ஷிப்ட் ஒத்துவராத நாட்களில் பேருந்துக்கு நின்றேன். முதல் பாடவேளை பாதி போய்விடும். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இந்தக் கட்டுரையில் அவரைக் கெட்டவராகக் காட்டினால் எழுதுவது எனக்குச் சுலபமாகிவிடும். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. “நான் இருக்கேன்ல, எதுக்கு ரிஸ்க்?” என்று கேட்டபோது அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இருந்ததாக எனக்குப் படவில்லை. பிறகு ஏன் அந்த வாக்கியம் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தியது என்பதுதான் நான் யோசிக்க விரும்பும் விஷயம்.

விழுந்த பிறகு வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் சொன்னதை எல்லாம் நினைவில் வைத்திருக்கிறேன். “ஐம்பது வயசு ஆகப்போகுது, இனிமே எதுக்கு வண்டி?” “நல்லவேளை, தலையில அடிபடல.” “பொம்பளைங்க ஓட்டுனாலே எனக்கு நெஞ்சு படபடக்கும்.” என் அத்தை, அதாவது மாமியார், ஒரு படி மேலே போய் வில்லுடையான்பட்டு முருகனுக்கு வேண்டிக்கொண்டார், நான் இனி வண்டியைத் தொடாமல் இருக்க வேண்டும் என்று. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் கணவரும் வண்டியோடு விழுந்திருந்தார். முழங்கையில் ஏழு தையல். அப்போது வந்தவர்கள் டயர் தேய்ந்திருந்ததைப் பற்றியும் மழைநீர் தேங்கியதைப் பற்றியும் பேசினார்கள். மறுவாரம் அவர் டயரை மாற்றினார், விஷயம் முடிந்தது. ஆண் விழுந்தால் ரோடு சரியில்லை, பெண் விழுந்தால் அவளுக்கு ஓட்டத் தெரியவில்லை. இது நம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, புதிதாக நான் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் தெரிந்திருந்தும் அது எனக்குள் வேலை செய்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் தினம் இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டியவள் நான். அந்தக் கணக்கை யாரும் போடவில்லை, நானும் போடவில்லை. ஒரு வளைவு, ஒரு கைப்பிடி மணல், அவ்வளவுதான் என் ஓட்டுநர் வாழ்க்கை என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்க மெய்யியலாளர் 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். பெண்பிள்ளைகள் பந்தை ஏன் ‘பெண்பிள்ளை மாதிரி’ எறிகிறார்கள் என்பது அதன் கேள்வி. உடற்கூற்றில் விடை இல்லை என்கிறார். ‘என்னால் முடியும்’ என்று கிளம்பும் உடலை, அதே நொடியில் ‘என்னால் முடியாது’ என்ற இன்னொரு குரல் பிடித்து இழுக்கிறது. அதனால் முழு உடலும் வேலைக்குள் இறங்குவதில்லை, கை மட்டும் எறிகிறது. பெண் தன் உடலால் ஒன்றைச் செய்யும்போதே, அந்த உடலைப் பிறர் பார்க்கும் பொருளாகவும் சுமக்கிறாள் என்கிறார். நான் அதைப் படித்தது பல வருடங்களுக்கு முன்னால். புரிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் மதியம் யாரும் இல்லாதபோது சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வண்டியைக் கிளப்பினேன். பத்தடி நகர்ந்திருக்கும். எதிர் குவார்ட்டர்ஸில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிறுத்திவிட்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை. பாவம், ஒருவேளை சிரிக்கக்கூடச் செய்திருப்பார். யங்கின் கட்டுரை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வண்டி ஓட்டுகிற யாருக்கும் தெரிந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு சக்கரம் நிற்பது ஓடுவதால்தான். மெதுவாகப் போகப் போக அது ஆடும். பயந்தவர் என்ன செய்வார்? மெதுவாகப் போவார். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பார். தோள் விறைக்கும். சக்கரம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளச் சிறிது அசைய வேண்டும், அந்த அசைவை இறுகிய கை தடுத்துவிடும். கண் பள்ளத்தையே பார்க்கும், வண்டியும் பார்த்த பள்ளத்துக்கே போகும். ஆக, விழுந்துவிடுவோம் என்ற பயம் விழுவதற்கு வேண்டியதை எல்லாம் ஒன்றுவிடாமல் ஏற்பாடு செய்கிறது. பிறகு ‘பார்த்தியா, சொன்னேன்ல’ என்கிறது.

குதிரை ஏறுபவர்களும் இதையே சொல்கிறார்கள் என்று பிறகு படித்தேன். அவர்கள் ‘இருக்கை’ என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். சேணத்தைக் குறிக்கும் சொல் அல்ல அது. குதிரையின் அசைவோடு ஏறியவரின் இடுப்பு எப்படிச் சேர்ந்து அசைகிறது, எவ்வளவு கலங்காமல் அமர்ந்திருக்கிறார் என்பதற்கான பெயர். விழுந்து பயந்தவர் முழங்காலால் குதிரையை இறுக்குவார். இறுக்க இறுக்க உடல் மேலே எழும்பும், இருக்கை கெடும். விறைப்பைக் குதிரை உணரும், அதுவும் மிரளும். ஒரு வித்தியாசம் உண்டு. குதிரைக்கு உயிர் இருக்கிறது, அதற்கென்று ஒரு பயம் இருக்கிறது. ஸ்கூட்டிக்கு அது இல்லை. என் வண்டிக்கு என்மேல் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. அது ஒரு ஆறுதல்தான்.

நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் குதிரை என்றால் ஐயனார் கோயில் குதிரைதான். முந்திரித் தோப்புக்கு நடுவில் வண்ணம் பூசி நிற்கும். அதன்மேல் ஐயனார் ஏறுவார், அவருடைய வீரர்கள் ஏறுவார்கள். எந்தப் பெண்ணும் அதில் ஏறி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் பாடப்புத்தகத்தில் வேலு நாச்சியார் குதிரையில் வருகிறார். வாளோடு, முன்னே பார்த்தபடி. பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், அவங்க எப்படி உக்காந்திருந்தாங்க? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?” வகுப்பு சிரித்தது. நல்ல கேள்வி அது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் அந்தக் கேள்விக்கு விடை ‘ஒரு பக்கமாக’ என்பதுதான். மேல்குடிப் பெண்கள் இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கப்போட்டு உட்கார வேண்டும். பழைய பக்கவாட்டுச் சேணம் ஏறக்குறைய ஒரு நாற்காலி. பெண் பக்கவாட்டில் பார்த்து உட்காருவாள், குதிரையை ஒரு ஆள் நடத்திக்கொண்டு போவான். உட்காரும் முறையே கடிவாளத்தை அடுத்தவர் கையில் கொடுத்துவிடும். 1830களில் சேணத்தில் கூடுதலாக ஒரு கொம்பு பொருத்தினார்கள். அதில் காலை இடுக்கிக்கொண்டு பெண்களால் வேகமாகப் போகவும் வேலி தாண்டவும் முடிந்தது. ஆனால் குதிரை சாய்ந்தால் விடுபட்டு விழ முடியாது, பாவாடை சிக்கிக்கொள்ளும். அதற்காகத் தனியே பிரிந்துவிடும் பாவாடையைத் தைத்தார்களே தவிர, காலை இரண்டு பக்கமும் போடட்டும் என்று விட அவர்களுக்கு இன்னும் பல காலம் ஆயிற்று.

இதைப் படித்துச் சிரிக்கும் தகுதி நமக்கு இல்லை. நம் நாட்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல், 123ஆம் விதி இருக்கிறது. இரு சக்கர வண்டியில் பின்னால் உட்காருபவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க இடம், உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. விதியில் ‘பெண்’ என்ற சொல் வேண்டியதில்லை. அந்தத் தடுப்புக்குக் கடைக்காரர் வைத்திருக்கும் பெயரே சாரி கார்டு. எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றிய விதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எட்டு மாதமும் அந்தக் கம்பிக்கு மேலே ஒரு பக்கமாக உட்கார்ந்து, இடப்பக்கத்து முந்திரிக்காடுகளை மட்டுமே பார்த்துக்கொண்டு போனேன். பதினோரு கிலோமீட்டரில் வலப்பக்கம் ஒன்று உண்டு என்பதே மறந்துவிட்டது. புடவை கட்டுவதால் வேறு வழியில்லை என்பேன். ஸ்கூட்டி ஓட்டிய இருபத்திரண்டு வருடமும் அதே புடவைதான்.

பொய்க்கால் குதிரை பார்த்திருப்பீர்கள். ராஜா வேஷமும் ராணி வேஷமும் குதிரைமேல் வருவதுபோல் இருக்கும். கூட்டுக்கு வெளியே குதிரை, உள்ளே ஆடுபவருடைய கால், மரக்கட்டைமேல் நின்று. குதிரை அவரைச் சுமப்பதில்லை, அவர்தான் குதிரையைச் சுமக்கிறார். பின்னிருக்கையில் ‘சும்மா உட்கார்ந்து’ போகிற பெண்ணைப் பற்றி எனக்கு அடிக்கடி அந்த ஞாபகம் வரும். ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் பை, கையில் பிள்ளை, வேகத்தடையில் உடலைத் தூக்கிக்கொடுத்து, வளைவில் எதிர்ப்பக்கம் சாய்ந்து, அவள் செய்யும் சமநிலை வேலைக்கு உரிமம் எதுவும் தேவையில்லை. யாரும் அதை ஓட்டுதல் என்று சொல்வதுமில்லை.

நான் சைக்கிள் கற்றது இதே நகரியத்தில். 1956இல் நிறுவனம் தொடங்கி, சுரங்கமும் அனல்மின் நிலையமும் வந்து, அதை ஒட்டி ஊரை வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டினார்கள். இங்கே முகவரி என்றால் வட்டத்தின் எண்தான். அகலமான, நேரான, இரண்டு பக்கமும் மரம் நிற்கும் சாலைகள். சைக்கிள் கற்க இதைவிட நல்ல ஊர் கிடையாது. ஷிப்ட் விட்டால் சாலை முழுக்க சைக்கிள்தான் வரும், எல்லாம் ஆண்கள். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பெரிய சைக்கிளில் குரங்கு பெடல் பழக்கிவிட்டார். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். “பிடிச்சிருக்கீங்களாப்பா?” “பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்.” திரும்பிப் பார்த்தால் அப்பா தூரத்தில், மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். எல்லோருக்கும் இதே கதை இருக்கும். அது பொய்தானே என்று இப்போது யோசிக்கிறேன். ஒருவர் நம்மை நம்பவைத்து, நமக்குத் தெரியாமல் கையை விட்டுவிடுகிறார். அதற்காக வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருக்கிறோம். ஏன்? அவர் பிடித்ததே விடுவதற்காகத்தான் என்பது நமக்கும் எங்கோ தெரிந்திருக்கிறது.

அம்மாவுக்கு அப்பா கற்றுத் தரவில்லை. அம்மா கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து மெயின் பஜாருக்குப் போய்வந்தார். முன்னால் பாரில் நான். “எனக்கும் சொல்லிக்கொடுங்கன்னு நான் கேக்கல, அவரும் கேக்கல” என்று பின்னாளில் ஒரு முறை சொன்னார். அதற்குமேல் சொல்லவில்லை.

அந்த அம்மாக்களின் வயதுக்காரர்கள்தான் புதுக்கோட்டையில் சைக்கிள் கற்றார்கள். 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதினார். அவர் எழுதியதில் எனக்குப் பிடித்த தகவல் ஒன்று: பெண்களுக்கான சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் அவர்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள், சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள், முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாமே என்று. அந்தக் காலத்தில் அவர்களைப் பற்றி ஊரில் கேவலமான பேச்சுகளும் வந்தன. கற்றது சைக்கிள் மட்டும் என்றால் அவ்வளவு பேச்சு வந்திருக்காது. தண்ணீர் எடுக்கவும் கூலிக்குப் போகவும் சந்தைக்குப் போகவும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆனதுதான் பலருக்கு உறுத்தியது.

அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னால் அமெரிக்காவில் பிரான்சிஸ் வில்லார்ட் என்ற பெண், மதுவிலக்கு இயக்கத்தின் பெரிய தலைவர், ஐம்பத்து மூன்று வயதில் சைக்கிள் பழகினார். 1895இல் அதைப் பற்றி ஒரு சிறிய புத்தகமே எழுதினார். தன் சைக்கிளுக்கு கிளாடிஸ் என்று பெயர் வைத்திருந்தார். ஐம்பது வயதைச் சொல்லி என்னை உட்காரவைத்தவர்களிடம் இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் வாயில் வரவில்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். பயத்தை ஒரு குறையாகப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது அறியாமை என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். மணல் கிடக்கும் வளைவில் நான் பயப்படத்தான் வேண்டும். எனக்காக மட்டுமல்ல, அந்த வளைவில் நடந்து வரும் பள்ளிப் பிள்ளைகளுக்காகவும். அந்தப் பயம் சாலையிலிருந்து வந்தது, எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்தது. இப்போதும் அங்கே வேகத்தைக் குறைக்கிறேன், வளைவுக்குள் பிரேக்கைத் தொடுவதில்லை. ஆனால் எதிர்வீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தவுடன் என் காலைத் தரையில் ஊன்றவைத்த பயம் சாலையிலிருந்து வந்ததில்லை. அது எனக்குள் வருவதற்கு வீட்டுக்கூடத்தில் ஆறு வாரம் ஆனது. காபி டம்ளரோடு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, அக்கறையோடு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முதல் பயம் என்னுடையது. இரண்டாவது யாருடையது?

இவ்வளவு சுலபமாக இரண்டாகப் பிரித்துவிட முடியுமா என்றும் சந்தேகமாக இருக்கிறது. இரவு படுக்கும்போது தோள் வலிக்கும், உடனே வளைவும் ஞாபகம் வரும், அத்தையின் குரலும் ஞாபகம் வரும். எந்தப் பயம் எதற்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. பிரிப்பதற்கு எனக்குக் கிடைத்த வழி ஒன்றுதான். பயத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, உதவியைப் பார்ப்பது.

குதிரையேற்றத்தில் இருக்கை கெட்டுப்போனவருக்கு ஒரு பழைய பயிற்சி உண்டு. பயிற்சியாளர் நடுவில் நின்று நீண்ட கயிற்றில் குதிரையைப் பிடித்து வட்டமாக ஓடவிடுவார். மேலே இருப்பவருக்குக் கடிவாளமும் கிடையாது, கால் வைக்கும் வளையமும் கிடையாது. குதிரையை நிறுத்துவதும் செலுத்துவதும் கீழே நிற்பவர் பொறுப்பு. மேலே இருப்பவருக்கு ஒரே வேலை, உட்காருவது. வியன்னாவில் 1572இலிருந்து வரலாறு சொல்லிக்கொள்ளும் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் புதியவர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள், நெடுநாள் இப்படியே பழகுகிறார்கள். (அந்தப் பள்ளி ஏறுநர் பயிற்சிக்கு முதல்முறையாகப் பெண்களைச் சேர்த்தது 2008இல்தான்.) அதாவது, கட்டுப்பாட்டை அடுத்தவரிடம் கொடுப்பது தன்னளவில் தோல்வி இல்லை. நான் கணவர் பின்னால் உட்கார்ந்ததில் தவறில்லை. கயிற்றைப் பிடித்திருப்பவர் எதற்காகப் பிடித்திருக்கிறார், என்றைக்கு விடுவார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “நான் இருக்கேன்ல” என்ற வாக்கியத்துக்கு முடிவுத் தேதி இல்லை. முள் அங்கேதான் இருந்தது. அவர் கயிற்றைப் பிடிக்கவில்லை, கடிவாளத்தை எடுத்துக்கொண்டார். அன்போடுதான் எடுத்துக்கொண்டார். நானும் கொடுத்தேன், வெயிலில் ஹெல்மெட் போடாமல் போவது சுகமாகக்கூட இருந்தது. (பின்னால் உட்காருபவரும் போட வேண்டும் என்பது சட்டம், தெரியும்.)

டென்மார்க்கில் லிஸ் ஹார்டல் என்று ஒரு குதிரையேற்ற வீராங்கனை இருந்தார். 1944இல் கருவுற்றிருந்தபோது இளம்பிள்ளை வாதம் தாக்கி, முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. பிள்ளையைப் பெற்ற பிறகு மறுபடி ஏறினார், பலமுறை விழுந்தார். கால் பயன்படாததால் இடுப்பாலும் முதுகாலும் குதிரையோடு பேசக் கற்றார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் டிரெஸ்ஸேஜ் போட்டியில் ஆண்களோடு பெண்களும் பங்கேற்க முதன்முதலாக அனுமதித்தார்கள். அதில் அவர் வெள்ளி வென்றார், 1956இல் மறுபடியும். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்குக் கடைசிவரை ஆள் உதவி வேண்டியிருந்தது. ஹெல்சிங்கியில் தங்கம் வென்ற ஹென்றி செயின்ட் சிர்தான் அவரைப் பதக்க மேடையில் ஏற உதவினார். இந்தக் கதையைத் ‘தன்னம்பிக்கை’ கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. ஏற்றிவிட்ட கைகள் ஏற்றிவிட்டதோடு விலகிக்கொண்டன. ‘ஏறவே ஆள் வேண்டும், உனக்கெதற்குக் குதிரை’ என்று அந்தக் கைகள் கேட்கவில்லை.

எங்கள் வட்டத்தில் நான்கைந்து வீடுகளில் வேலை செய்யும் ஒரு பெண் இருக்கிறார். பெயர் வேண்டாம். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். சுரங்கத்துக்காக இடம் மாறிய ஊர்களில் ஒன்று அவருடையது. இப்போதிருக்கும் இடத்திலிருந்து நகரியம் எட்டு கிலோமீட்டர். விடியலில் கிளம்பி, பாரோடு இருக்கும் பழைய ஆண்கள் சைக்கிளில் வருவார். நான் விழுந்த அதே மாதம் அவரும் ஒரு நாய்க்கு ஒதுங்கி விழுந்திருந்தார், முழங்கால் முழுக்கச் சிராய்ப்பு. மறுநாள் காலை வழக்கம்போல வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

“பயமா இல்லையா உனக்கு?” என்று கேட்டேன்.

“இருக்குது டீச்சர். அதுக்குன்னு நடந்தா வர முடியும்?”

எனக்கு வெட்கமாக இருந்தது. எட்டு மாதம் பயப்பட எனக்கு வசதி இருந்தது என்பதை அதுவரை யோசித்ததே இல்லை. கணவர், அவருடைய பைக், மாதச் சம்பளம், முதல் பாடவேளை போனாலும் பொறுத்துக்கொண்ட தலைமையாசிரியர். இழந்த நம்பிக்கையை மீட்பது எப்படி என்று கட்டுரை எழுத அவருக்கு நேரமில்லை, மீட்காமலே ஓட்டுகிறார். இதை அவருடைய வீரம் என்று புகழவும் எனக்கு மனம் வரவில்லை. விழுந்த மறுநாள் ஓய்வெடுக்க முடியாமல் போவது யாருக்கும் பெருமை இல்லை. கற்றுக்கொள்ள வேண்டியது அவரிடம் இருந்தது, மாற வேண்டியதும் அவருடைய நிலைமையில் இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சித்திரையில், விடுமுறை தொடங்கிய பிறகு, விடியலில் ஐந்தரைக்கு வண்டியை எடுக்க ஆரம்பித்தேன். நடைப்பயிற்சிக்காரர்கள் வருவதற்கு முன்னால் வட்டத்தைச் சுற்றி ஒரு சுற்று. முதல் நாள் இரண்டு காலும் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தன. மூன்றாம் நாள் காலை மேலே வைத்தேன். பார்வையைச் சக்கரத்துக்கு முன்னால் வைக்காமல் சாலைக் கடைசியில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தில் வைத்தேன். கையைத் தளர்த்த முடியவில்லை, அதனால் தாடையைத் தளர்த்தினேன். தாடை இளகினால் தோள் இளகுகிறது, தோளுக்குப் பின்னால் கை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். மைதானத்தில் எட்டு போட்டேன், உரிமத் தேர்வில் போட்டதுபோல. இரண்டு வாரத்தில் சுற்று நான்கு வட்டம் வரை நீண்டது. ஆனால் நகரிய எல்லையைத் தாண்டவில்லை.

ஒரு நாள் காலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார். பஞ்சர். எங்கள் வீட்டு வேலை முடிந்தது. அடுத்த வீடு தூரத்து வட்டத்தில், அங்கே நேரம் தவறினால் பேச்சு கேட்க வேண்டிவரும்.

“டீச்சர், வண்டியில கொண்டுபோய் விட்டுர்றீங்களா?”

“நான் இன்னும் சரியா ஓட்டல. பின்னால ஆள் வச்சு ஓட்டுனதே இல்ல, விழுந்ததுக்கு அப்புறம்.”

“காலைல ஓட்டுறீங்களே, பாத்துக்கிட்டுதான் வர்றேன். வாங்க, நேரமாவுது.”

மறுக்க வேண்டுமா என்று ஒரு நொடி யோசித்தேன். என் உடலை நான் பணயம் வைக்கலாம், அவருடையதை வைக்க எனக்கு என்ன உரிமை? அவர் கீழே விழுந்தால் ஒரு மாத வருமானம் போகும். எனக்கு விடுப்பு உண்டு, அவருக்குக் கிடையாது. ஆனால் அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் அவர். போட்டுவிட்டுத்தான் கேட்டார். என்னைவிட எட்டு கிலோமீட்டர் அதிகம் சாலை தெரிந்தவர். நான் மறுத்தால், ‘உனக்காகத்தான்’ என்று எனக்குச் சொல்லப்பட்டதையே அவருக்கு நான் சொன்னதாக ஆகும்.

அவர் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தார். புடவையைத் தொடைக்கிடையில் சுருட்டிக்கொண்டார், சைக்கிளில் உட்காருவதுபோல. வண்டி ஒரு முறை ஆடியது. அவர் என்னைப் பிடிக்கவில்லை, எதுவும் பேசவும் இல்லை. பின்னால் இருக்கும் எடை பயந்த எடையா, பயப்படாத எடையா என்று ஓட்டுபவரின் முதுகுக்குத் தெரியும். அவர் பயப்படவில்லை. வளைவில் என்னோடு சாய்ந்தார். எனக்கு நல்லது செய்வதற்காக அவர் ஏறவில்லை, அடுத்த வீட்டுக்கு நேரத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக ஏறினார். என்னால் அவருக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. எட்டு மாதத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டிருக்கவில்லை.

தன்னம்பிக்கை என்ற சொல்லில் ‘தன்’ முன்னால் நிற்கிறது. என் அனுபவத்தில் அது கடைசியில்தான் வந்தது. முதலில் பிறர் எடுத்துக்கொண்டு போனார்கள், பிறகு பிறர் ஒருவர் அதை என் பின்னிருக்கையில் வைத்தார். ஜூனில் பள்ளி திறந்தபோது பதினோரு கிலோமீட்டரும் நானே ஓட்டிப் போனேன். வளைவில் அன்றைக்கும் மணல் கிடந்தது.

கணவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் வண்டியின் டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை முருகனுக்கு என்ன சொன்னாரோ தெரியாது.

இந்தக் கட்டுரையை இங்கே முடித்தால் எனக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். நான் விழுந்த மாதம் என் மகளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. ஓட்டுநர் பழகுரிமத்துக்கு எழுதிப்போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டுப்போட்ட தோளோடு நான்தான் சொன்னேன், “இப்ப ஒண்ணும் வேணாம்” என்று. அப்போது கூடத்தில் வேறு யாரும் இல்லை. அத்தையோ கணவரோ சொல்லவில்லை. என்னிடம் வந்த பயத்தைச் சூடு ஆறுவதற்குள் அவள் கையில் கொடுத்துவிட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை, அதுதான் எனக்கு இப்போது கஷ்டமாக இருக்கிறது.

இந்தத் தை மாதம் அவளுக்குப் பழகுரிமம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அதே மைதானத்துக்குப் போனோம். அவள் ஓட்டினாள். நான் பின்னால், இரண்டு பக்கமும் கால் போட்டு. முதல் திருப்பத்தில் என் விரல்கள் தாமாகவே மடங்கின, அங்கே இல்லாத பிரேக்கைப் பிடிக்க. பிடித்தது அவளுடைய இடுப்பை.

“அம்மா, வலிக்குது. கையை எடு.”

எடுத்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அடுத்த எட்டுக்குத் திரும்பினாள்.